துருவேறிய பிரேக் குழாய்களும் பழைய பிக்கப் வண்டிகளும்

குடியானவர் கையாளும் கருவிகளில் துருப் பிடிப்பது புதிய விஷயமன்று. கொழுவில் துருவேறினால் உழவு கனக்கும். அரிவாளில் துருவேறினால் அறுப்பு மந்தப்படும். இவை கண்ணுக்கும் தெரியும், கைக்கும் தெரியும், தீட்டினால் தீர்ந்துபோம். ஆனால் பண்ணையில் உபயோகமாகும் மோட்டார் வண்டியின் அடியில், யாரும் குனிந்து பாராத இடத்தில், ஒரு சிறு உருக்குக் குழாயில் ஏறும் துரு அத்தன்மையதன்று. அது பல வருஷங்கள் யாதோர் அறிகுறியும் காட்டாமலிருந்து, ஒரு கணத்தில் வண்டியை நிறுத்த முடியாதபடி செய்துவிடும். அதனால் ஆபத்துக்குள்ளாவது ஓட்டுபவர் மட்டுமல்லர். எதிரே சைக்கிளில் வருபவரும், பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் பிள்ளைகளுமே.

பின்புறம் திறந்த தட்டுள்ள சிறு பாரவண்டிகளுக்குப் பிக்கப் என்று பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வண்டியில்லாத பண்ணையைக் காண்பது அரிது. தீவனம், விதை, உரமூட்டை, வேலிக்கம்பி யாவும் அதிலேயே செல்லும். வாங்கிப் பதினைந்து, இருபது வருஷங்களான பின்னும் எஞ்சின் ஓடுகிற வரையில் அதனைக் கழிக்க அந்நாட்டுக் குடியானவர்களுக்கு மனம் வருவதில்லை. ஆகவே பிரேக் குழாய்த் துருவினால் விளையும் கேடு அந்நாட்டில் மிகுதியாய்க் காணப்பட்டு, சர்க்கார் விசாரணைக்கும் வந்தது. அந்த அனுபவத்தையும், அதிலிருந்து இந்நாட்டுக் குடியானவர்கள் அறிய வேண்டியவற்றையும் இக்கட்டுரை கூறும்.

பிரேக் வேலை செய்யும் விதம்

பழைய காலத்து வண்டிகளில் பிரேக் கம்பியாலோ கயிற்றாலோ இழுக்கப்பட்டது. இக்காலத்துப் பிக்கப் வண்டிகளில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அவ்வழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கங்களுக்கும் பரவும் என்பது, 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்துப் பாஸ்கல் என்னும் அறிஞர் கண்ட தத்துவம். ஓட்டுபவர் பிரேக் பெடலை மிதித்ததும், மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் அழுத்தப்பட்டு, குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, பிரேக் கட்டைகளைத் தள்ளிச் சக்கரத்தைப் பிடிக்கச் செய்கிறது.

சாதாரணமாக மெல்ல மிதிக்கும்போது குழாயினுள் ஒரு சதுர அங்குலத்துக்கு இருநூறு, முந்நூறு பவுண்டு அழுத்தம் உண்டாகும். திடீரென்று குறுக்கே மாடு வந்து, ஓட்டுபவர் பலங்கொண்ட மட்டும் மிதிக்கும்போது அதுவே ஆயிரம் பவுண்டுக்கு மேற்செல்லும். இவ்வளவு அழுத்தத்தையும் தாங்குவது, கைச் சுண்டுவிரலின் பாதிப் பருமன்கூட இல்லாத ஒரு குழாயே.

ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒருங்கே போய்விடாதிருக்கும் பொருட்டு, மாஸ்டர் சிலிண்டர் இரண்டு பகுதிகளாக அமைக்கப்பட்டிருக்கிறது. பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் முன் சக்கரங்களுக்கு ஒரு பகுதி, பின் சக்கரங்களுக்கு ஒரு பகுதி. இது நல்ல ஏற்பாடேயாயினும், இதனையே நம்பியிருத்தல் தகாது. பின்குழாய் உடைந்தால் பெடல் திடுமென ஆழத்தில் இறங்கும். பாரமேறிய வண்டியில் பின் சக்கரங்களின் உதவி முழுதும் போய்விடும். நிறுத்தும் சக்தி பாதியானால், வண்டி நிற்கும் தூரம் இரட்டிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், நல்ல பிரேக்கினால் சுமார் 23 மீட்டரில் நிற்கக்கூடிய வண்டி, சக்தி பாதியானால் சுமார் 46 மீட்டர் சென்றே நிற்கும். ஓட்டுபவர் அபாயத்தைக் கண்டு காலை வைப்பதற்குள் வண்டி ஓடும் தூரம் இதில் சேராது.

குழாயின் அமைப்பு

சாதாரணப் பிரேக் குழாயின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. அதன் சுவரின் கனம் சுமார் 0.7 மில்லிமீட்டரே. மெல்லிய உருக்குத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, செம்பினால் பற்றவைத்து இக்குழாயைச் செய்கிறார்கள். உருக்கு எளிதில் துருப் பிடிக்குமாகையால் அதன்மேல் துத்தநாகமோ, துத்தநாகமும் அலுமினியமும் கலந்த கலவையோ பூசி, சிலவற்றில் அதற்கும் மேலே பிளாஸ்டிக் பூச்சும் இடுகிறார்கள். துத்தநாகம் முதலில் தான் அரிக்கப்பட்டு, தனக்கு அடியிலுள்ள உருக்கைக் காப்பாற்றும். அது தீர்ந்துபோன பிறகே உருக்கில் அரிப்புத் தொடங்கும்.

எனவே பிரேக் குழாய்க்கும் ஓர் ஆயுள் உண்டு. டயருக்கும் பாட்டரிக்கும் ஆயுள் உண்டென்பதை எல்லோரும் அறிவர். பிரேக் குழாய் மட்டும் வண்டி உள்ளவரை உழைக்கும் என்று எண்ணுவது தவறு.

துருப் பிடிக்கும் விதம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் வேண்டும். உப்பும் சேர்ந்தால் அரிப்பு பன்மடங்கு விரைவாகும். வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் சாலைகளின்மேல் பனி உறைந்து வழுக்கும். அதைக் கரைப்பதற்காக உப்பைத் தூவுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் 1938-இல் இம்முறை பரீட்சிக்கப்பட்டது. பிறகு மற்ற மாகாணங்களிலும் பரவியது. இப்போது அந்நாட்டுச் சாலைகளில் வருஷந்தோறும் ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட உப்பு கொட்டப்படுகிறது. சில இடங்களில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியவற்றின் கரைசலையும் தெளிக்கிறார்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே இழுத்துக்கொள்ளுந் தன்மையுள்ளவை. ஆதலால் வெயில் காய்ந்தாலும் வண்டியின் அடிப்பாகம் உலராமல் கசகசத்துக்கொண்டே இருக்கும்.

பிரேக் குழாய் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்பட்டு, சேஸிஸ் சட்டத்தை ஒட்டியே பின் அச்சு வரையில் செல்லுகிறது. அதனைச் சட்டத்தோடு பிணைக்க இடையிடையே பிளாஸ்டிக் கிளிப்புகள் உண்டு. சக்கரம் வாரியடிக்கும் உப்புச் சேறு இந்தக் கிளிப்புகளின் உட்புறத்திலும், சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள சந்திலும், பெட்ரோல் தொட்டியின் மேற்புறத்திலும் அடைந்துகொள்ளும். மழைநீரும் அங்கே எட்டிக் கழுவாது. காற்றும் புகுந்து உலர்த்தாது. குழாயின் வெளித்தெரியும் பாகம் பளபளவென்றிருக்க, கிளிப்பின் அடியில் மட்டும் அரிப்பு நடந்துகொண்டேயிருக்கும். துருவாக மாறிய இரும்பு முன்னையினும் இரு மடங்குக்கு மேல் பருத்து, பொருக்குப் பொருக்காகக் கிளம்பி, பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்துவைத்து, மேலும் அரிப்பதற்கு உதவும்.

அமெரிக்க சர்க்காரின் விசாரணை

1999 முதல் 2003 வரையிலுள்ள மாதிரி வருஷங்களைச் சேர்ந்த ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சில்வராடோ, சியர்ரா முதலிய பிக்கப் வண்டிகளில் பிரேக் குழாய் துருவேறி உடைவதாகச் சொந்தக்காரர்கள் புகார் செய்தனர். அதன் பேரில் அந்நாட்டுத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2010-இல் விசாரணையை ஆரம்பித்தது. 2011-இல் அதனை விரிவாக்கி, பிற கம்பெனிகளின் வண்டிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2015 ஏப்ரலில் முடிவை வெளியிட்டது.

அம்முடிவின் சாரம் வருமாறு: குழாய் உடைவது ஒரு கம்பெனியின் வண்டிகளுக்கு மாத்திரம் உரிய குறையன்று, சாலையில் உப்பு மிகுதியாய்த் தூவப்படும் 20 மாகாணங்களிலும் தலைநகரமான வாஷிங்டனிலும் ஓடும் பழைய வண்டிகளுக்குப் பொதுவானது, பூச்சிட்ட உருக்குக் குழாயின் ஆயுள் முடிவதனால் நேர்வது. ஆகையால் வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாய்க் குழாய் மாற்றித் தரும்படி கம்பெனிக்கு உத்தரவு பிறக்கவில்லை. அதற்குப் பதிலாக, 2007 மற்றும் அதற்கு முந்திய மாதிரி வருஷங்களின் வண்டிகளை வைத்திருப்போர் அடிப்பாகத்தைக் கழுவி வரவேண்டும், குழாய்களைச் சோதிப்பிக்க வேண்டும், பொருக்கு விட்டிருந்தால் குழாய்த் தொகுதி முழுவதையும் மாற்றிவிட வேண்டும் என்று எச்சரிக்கை செய்யப்பட்டது.

இம்முடிவு சொந்தக்காரர் பலருக்கு மனக்குறையை உண்டாக்கியிருக்கலாம். ஆயினும் அதிலிருந்து அறியத்தக்க பாடம் ஒன்றுண்டு. பழைய வண்டியின் குழாயைக் கம்பெனி வந்து பாராது. சர்க்காரும் வந்து பாராது. பார்க்க வேண்டியவர் அதன் சொந்தக்காரரே. பென்ஸில்வேனியா, நியூயார்க் போன்ற மாகாணங்களில் வருஷந்தோறும் வண்டியைப் பரிசோதிப்பிக்க வேண்டுமென்ற சட்டம் உண்டு. மிச்சிகன், ஒஹாயோ போன்றவற்றில் சொந்த வண்டிகளுக்கு அவ்விதச் சட்டமும் இல்லை.

அவசர வேளையில் உடைவதன் காரணம்

துருவேறிய குழாய் சாதாரணமாய் ஓட்டும்போது உடையாமல், அவசரத்தில் உடைவது ஏன் என்று பலர் வியப்பதுண்டு. இதற்குக் காரணம் எளிது. புதிய குழாய், தனக்கு நேரக்கூடிய மிகுந்த அழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கு மேலும் தாங்கத்தக்க பலமுள்ளது. ஆகையால் அதன் சுவரில் பாதி போனாலும், முக்காற்பங்கு போனாலும், நாள்தோறும் மெல்ல மிதித்து ஓட்டுவதில் யாதொரு வித்தியாசமும் தெரியாது. பெடல் உறுதியாயிருக்கும், வண்டி நன்றாய் நிற்கும். காகிதம் போன்ற கடைசிப் படலம் எஞ்சியிருக்கும் நிலையிலும் முந்நூறு பவுண்டு அழுத்தத்தை அது தாங்கிக்கொண்டே வரும். என்றோ ஒருநாள் ஆயிரம் பவுண்டு அழுத்தம் வந்ததும் கிழிந்துபோகும். அந்த ஆயிரம் பவுண்டு அழுத்தம் வருவதோ, வண்டியை உடனே நிறுத்தியாக வேண்டிய வேளையில்தான்.

ஆதலால் "நேற்றுவரை பிரேக் நன்றாய்ப் பிடித்தது" என்பது குழாய் நன்றாயிருக்கிறதென்பதற்கு அத்தாட்சியாகாது. பெடலை மிதித்துப் பார்த்து இந்தக் கேட்டை முன்கூட்டி அறிவது பெரும்பாலும் இயலாது. வண்டியின் கீழே படுத்துக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டும்.

அலட்சியம் செய்யத்தகாத அறிகுறிகள்

சில சமயங்களில் குழாய் ஒரேயடியாய்க் கிழியாமல், ஊசிமுனைத் துளை விழுந்து கசிவது உண்டு. அப்போது கீழ்க்கண்ட குறிகள் தோன்றும்.

1. மாஸ்டர் சிலிண்டரின் மேலுள்ள கிண்ணத்தில் பிரேக் எண்ணெய் குறைதல். பிரேக் கட்டைகள் தேய்வதாலும் எண்ணெய்மட்டம் மெதுவாய்த் தாழும். ஆனால் ஊற்றிய சில வாரங்களுக்குள் மீண்டும் தாழ்ந்தால் அது கசிவேயாகும்.

2. பெடல் முன்னைவிட ஆழமாய் இறங்குதல், அல்லது பஞ்சை மிதிப்பதுபோல் மெத்தென்றிருத்தல்.

3. ஹாண்ட் பிரேக்கை விட்ட பின்பும் சிவப்பு விளக்கு எரிதல்.

4. வண்டி நின்ற இடத்திலோ, டயரின் உட்புறத்திலோ, சேஸிஸ் சட்டத்தின் மேலோ ஈரக்கறை காணப்படுதல்.

இவற்றில் ஒன்று கண்டாலும் வண்டியை நிறுத்திவிட வேண்டும். எண்ணெயை மட்டும் ஊற்றிக்கொண்டு "இந்த நடைக்குப் போய்வரட்டும்" என்று அனுப்புவது பெருந்தவறு.

பரிசோதிக்கும் முறை

வருஷத்தில் இருமுறை, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், குழாய்களை முழுதும் பார்த்தல் நலம். எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இது மிக அவசியம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். தூக்க நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுதல் கூடாது. உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்தபின்னரே புகவேண்டும். முதலில் நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, உலர்ந்தபின் கைவிளக்குடன் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொடங்கிப் பின் சக்கரம் வரையில் குழாயைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே செல்லவேண்டும். கிளிப்புகளின் இடம், பெட்ரோல் தொட்டியின் மேற்புறம், ஏ.பி.எஸ். பெட்டி இருந்தால் அதனோடு குழாய்கள் சேருமிடம், பின் அச்சின்மேல் குறுக்கே செல்லும் குழாய்கள், ரப்பர் ஹோஸுடன் சேரும் மூட்டுகள் ஆகியவற்றை நன்றாய்க் கவனிக்க வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்தைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

துணியால் துடைத்தால் போகக்கூடிய மெல்லிய செந்நிறப் படலம் உடனடியான அபாயமன்று. ஆனால் பூச்சு தீர்ந்துவிட்டதற்கு அது அடையாளம். குழாயின்மேல் கொப்புளம்போல் எழும்பியிருந்தாலும், பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தாலும், தடவும்போது குழிகள் தட்டுப்பட்டாலும், அக்குழாயின் ஆயுள் முடிந்ததென்றே கொள்ளவேண்டும். திருப்புளியால் பலமாய்ச் சுரண்டிப் பார்த்தல் கூடாது. நலிந்த குழாய் அப்போதே உடையலாம். நலியாத குழாயின் பூச்சு அதனால் கெடும்.

கண்ணால் பார்த்தபின் மற்றொரு சோதனையும் செய்யலாம். வண்டி அசையாதபடி கட்டை வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பெடலைப் பலங்கொண்ட மட்டும் மிதித்து அரை நிமிஷம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பியதும் பெடல் சிறிது தாழ்வது இயல்பு. அதற்குப்பின் மெதுவாய் இறங்கிக்கொண்டே சென்றால் எங்கோ கசிவு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள் கெட்டிருக்கின்றன. நலிந்த குழாய் இச்சோதனையில் உடைந்தாலும் நஷ்டமில்லை; சாலையில் உடைவதைக் காட்டிலும் களத்துமேட்டில் உடைவது மேலன்றோ? ஆனால் உடைந்தபின் அவ்வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லாமல், வேறு வண்டியில் ஏற்றிச் செல்லவேண்டும்.

குழாயை மாற்றுதல்

உடைந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, ரப்பர் குழாயைச் சொருகிக் கிளிப்பால் இறுக்குவது சில இடங்களில் காணப்படும் வழக்கம். இது கொலைக்கு ஒப்பான செய்கை. தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் ஆன ரப்பர் குழாய் பிரேக் அழுத்தத்தில் ஒரே மிதியில் பிதுங்கிக் கழன்றுவிடும். உடைந்த குழாயின் முனையை நசுக்கி அடைத்துவிட்டு மூன்று சக்கரப் பிரேக்குடன் ஓட்டுவதும் அதனைப் போன்றதே.

ஓரிடத்தில் குழாய் துருவால் உடைந்ததென்றால், அதே வயதும் அதே சேறும் கண்ட மற்றப் பகுதிகளும் அதே நிலையை நெருங்கியிருக்கும். பழுதான ஒரு சாணை மட்டும் மாற்றிய வண்டியில், அடுத்த சில மாதங்களில் அதற்கடுத்த சாண் உடையும். பழைய மூட்டைத் திருகிக் கழற்றும்போதே பக்கத்துக் குழாய் முறுக்கிக்கொண்டு உடைவதும் சகஜம். ஆகையால் முழுத்தொகுதியையும் ஒரே தடவையில் மாற்றுவதே சிக்கனம்.

புதிய குழாய்க்கு மூன்று வகை உண்டு. பூச்சிட்ட உருக்குக் குழாய் விலை குறைந்தது. ஆனால் மறுபடியும் துருப்பிடிக்கும். துருப்பிடியாத எவர்சில்வர் வகை உறுதியானதாயினும் வளைப்பதும் முனை விரிப்பதும் கஷ்டம். செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாயில் சுமார் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிக்கல் இருக்கும். அது கையாலும் வளையும், உப்பிலும் துருவேறாது. வோல்வோ கம்பெனியார் 1976 முதல் தங்கள் கார்களில் இதனை உபயோகித்து வந்தார்கள். தனிச் செம்புக் குழாயைப் போடுதல் கூடாது. அது வண்டியின் அதிர்ச்சியால் நாளடைவில் இறுகி வெடிப்புக் காணும்.

குழாயின் முனையை இருமடிப்பாய் விரித்து மூட்டிட வேண்டும். மெக்கானிக்குகள் இதை டபிள் பிளேர் என்பர். ஒற்றை மடிப்பு இவ்வழுத்தத்தில் பிளந்துகொள்ளும். புதிய கிளிப்புகளைப் போட்டு, குழாய் சட்டத்தில் உராயாதபடி அமைக்கவேண்டும். பிறகு புதிய எண்ணெய் ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் காற்றெடுத்தல் வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள சில வண்டிகளில் காற்றெடுக்கத் தனிக் கருவி தேவை. அதில்லாத பட்டறையில் இவ்வேலையைக் கொடுத்தல் சரியன்று.

எண்ணெய் விஷயத்தில் வண்டியின் கிண்ண மூடியில் எழுதியுள்ள டாட் எண்ணையே பின்பற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரையில் கொதியாது, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தபின் அதன் எல்லை 140 டிகிரியே. டாட் 4 எண்ணெய்க்கு இவ்வெல்லைகள் 230-ம் 155-ம் ஆகும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால், குழாய் புதிதாயிருந்தும் பெடல் இறங்கிப்போகும். சேர்ந்த நீர் குழாயின் உட்புறத்தையும் அரிக்கும். ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எண்ணெயை முழுதும் மாற்றல் நன்று. எஞ்சின் எண்ணெயைப் பிரேக் கிண்ணத்தில் ஒருபோதும் ஊற்றலாகாது. ரப்பர்கள் ஊதிப்போய்ப் பிரேக் முழுவதும் கெடும்.

தமிழ்நாட்டுக் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

இந்நாட்டில் சாலைகளுக்கு உப்புத் தூவுவதில்லை. ஆயினும் உப்பு வேறு வழிகளில் வந்து சேருகிறது. வேதாரண்யம், தூத்துக்குடி போன்ற உப்பளப் பகுதிகளில் உப்பேற்றும் வண்டிகளுக்கும், கடற்கரை ஊர்களில் மீன்கூடை ஏற்றும் வண்டிகளுக்கும் உப்புநீர் தட்டின் வழியே ஒழுகி நேரே பிரேக் குழாயின்மேல் விழுகிறது. உள்நாட்டுக் கிராமங்களிலும் பொட்டாஷ் உரமேற்றும் வண்டிகள் உண்டு. சமையல் உப்பில் நூற்றுக்குச் சுமார் 60 பங்கு குளோரைடு உள்ளது. மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்னும் உரத்திலோ சுமார் 47 பங்கு உள்ளது. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய பொட்டாஷ் உரம் மழையில் கரைந்து அடித்தட்டில் ஊறினால், அது அமெரிக்கச் சாலை உப்பைப் போன்றே வேலை செய்யும். அம்மோனியம் சல்பேட்டும், எருவின் சாறும் இரும்பை அரிப்பனவே.

ஆகையால் உரமோ உப்போ மீனோ ஏற்றிய அன்றே தட்டையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கிணற்றுநீர் உவராயிருந்தால் அதைக் கழுவ உபயோகித்தல் கூடாது. எருக்குழி ஓரத்திலும் ஈரப்புல்லிலும் வண்டியை நிறுத்திவைக்காமல், காற்றோட்டமுள்ள கெட்டித் தரையில் நிறுத்துதல் நலம். ஓடாமல் மாதக்கணக்காய் நிற்கும் வண்டி, ஓடும் வண்டியைவிடப் பழுதாகாதென்று எண்ணலாகாது. துருவேறிய குழாயின்மேல் தார் பூசி மறைப்பதால் நன்மையில்லை. உள்ளே ஈரம் அடைபட்டு அரிப்பு தொடரும், பார்ப்பவர் கண்ணுக்கும் மறைந்துவிடும். பழைய வண்டி வாங்குவோர், அடிப்பாகத்தில் புதிதாய்க் கறுப்புப் பூச்சைக் கண்டால் ஐயுற்று, குழாய்களைச் சோதிப்பித்த பின்னரே விலை பேச வேண்டும்.

பாரவண்டிகளுக்கு 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி தகுதிச் சான்று அவசியம். சான்று பெறும் நாளில் வண்டி நன்றாயிருந்ததென்பது அடுத்த மழைக்காலத்துக்கும் உத்தரவாதமாகாது. சரக்கு வண்டியின் தட்டில் நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்களை ஏற்றுவது சட்டத்துக்கு விரோதமென்பதை அறிந்தும் பலர் அவ்வாறு செய்கின்றனர். பிரேக் நலிந்த வண்டியில் இது நேர்ந்தால் ஒரு குடும்பமன்று, ஒரு தெருவே துக்கப்பட நேரிடும். கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகிகளும், பருவத் தொடக்கத்தில் ஒருநாளைக் குறித்து, நம்பத்தக்க மெக்கானிக் ஒருவரை வரவழைத்து, ஊரிலுள்ள பாரவண்டிகள் அனைத்தின் அடிப்பாகத்தையும் ஒருங்கே பார்க்கும்படி ஏற்பாடு செய்வார்களாயின் அது பெரும் உபகாரமாகும்.

ஓடும்போது பிரேக் போனால்

எவ்வளவு ஜாக்கிரதையாயிருந்தும் இவ்விபத்து நேர்ந்தால், ஓட்டுபவர் மனங்கலங்காமல் பின்வருமாறு செய்யவேண்டும். பெடலை விட்டுவிட்டு விரைவாய்ப் பலமுறை மிதித்தால், மீந்துள்ள பகுதியில் ஓரளவு அழுத்தம் ஏறலாம். உடனே கியரைப் படிப்படியாய்க் குறைத்து எஞ்சினால் வேகத்தை அடக்கவேண்டும். ஹாண்ட் பிரேக், பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் எண்ணெயின் உதவியின்றிக் கம்பியால் இழுக்கப்படுவது. அதனைத் திடீரென்று இழுக்காமல் சிறிது சிறிதாய் இழுத்தால் பின் சக்கரங்கள் வழுக்காமல் பிடிக்கும். ஓடும் வண்டியில் எஞ்சினை நிறுத்தல் கூடாது; நிறுத்தினால் ஸ்டியரிங் கனத்துவிடும், மீந்த பிரேக்கின் பலமும் குறையும். ஹாரனை விடாமல் ஒலித்து, மேட்டுப் பக்கமோ காலி நிலமோ நோக்கித் திருப்பவேண்டும்.

இவை யாவும் கடைசி உபாயங்கள். வருஷத்தில் இருமுறை அரைமணி நேரம் வண்டியின் அடியில் செலவிடுபவருக்கு இவ்வுபாயங்கள் பெரும்பாலும் தேவைப்படா. விதைக்குமுன் விதையைச் சோதிப்பதும், மழைக்குமுன் வரப்பைக் கட்டுவதும் குடியானவர்களுக்குப் பழக்கமான காரியங்கள். மழைக்குமுன் பிரேக் குழாயைப் பார்ப்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வார்களாயின், தங்கள் உயிரையும் சாலையில் செல்லும் பிறர் உயிரையும் காத்தவராவார்கள்.